என் தோளும் என் பந்தாட்ட வயதும்

மாம்போங்,
திங்கள் காலை, பஸ் வருவதற்குள்.

தக்கோராடித் துறைமுக அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே தனி மேசை பெற்று விளங்கும் என் அக்காள் மகள் அஃப்ரியேவுக்கு, உன் மூத்த தாய்மாமன் யாவ் அத்தாக்கோரா வலக்கையாலேயே எழுதிக்கொள்வது. நீ நலமா, உன் அறைத்தோழி நலமா, போன மாதம் சளி பிடித்திருந்த உன் மேலதிகாரி நலமா? இங்கே நான், உன் அத்தை மான்சா, ஆடுகள் அனைவரும் நலம். என் வலது தோள் மட்டும் நலமில்லை. இதை உட்கார்ந்து படி. நின்றபடி படித்தால் விழுந்துவிடுவாய். கேட்ட நானே விழப் பார்த்தேன்.

தோள் கிழிந்த கதையை உன் அம்மா வேறு மாதிரி சொல்லியிருப்பாள். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டும்போது விழுந்தேன் என்பது வேண்டாதவர்கள் கிளப்பியது. ஸ்டூல் இருந்தது, பல்பும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைநழுவிய பல்பை, ஒரு காலத்தில் அஷாந்தி வட்டாரமே வாயைப் பிளந்து பார்த்த அதே பாய்ச்சலோடு அந்தரத்தில் பிடித்தேனே, அதை யாராவது சொன்னார்களா? பல்பு இன்றும் எரிகிறது. தோளுக்குள் தசைநார்தான் கிழிந்துவிட்டது. அதனால் என்ன என்று நானும் இருந்திருப்பேன், ஆனால் இன்னும் ஏழு வாரத்தில் டார்க்வா வீட்டார் உன்னைப் பெண் கேட்டுக் கதவு தட்ட வருகிறார்கள், அவர்கள் நீட்டும் இரண்டு புட்டி ஷ்னாப்ஸ் சாராயத்தை மூத்த மாமன் நான் வலக்கையால் வாங்கியாக வேண்டும், இடக்கை நீண்டால் அதோடு சம்பந்தம் முறிந்தது. அவர்களோ சுன்யானிக்காரர்கள்; இடக்கையால் வழி காட்டியவனோடு மூன்று வருடம் பேசாமல் இருந்த குடும்பம். நான் வாங்க முடியாவிட்டால் என் தம்பி ஒபோக்கு வாங்குவான். அவன் வாயைத் திறந்தால் மாப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்லி உன்னை வேறு யாருக்காவது கட்டிவைத்துவிடுவான்.

ஆகவே உன் பேச்சைக் கேட்டு மான்சாவோடு குமாசிக்குப் போனேன். அங்கே எலும்பு டாக்டர் அடோமா, சின்னப் பெண், என்னைப் பார்த்ததுமே இவர் பெரிய ஆள் என்று புரிந்துகொண்டு எழுந்து நின்றாள். (நாற்காலியை இழுக்கத்தான் எழுந்தாள் என்கிறாள் மான்சா.) “ஐயா, நாரைத் தைச்சிடலாம். ஆனா தைச்ச பிறகு சிலருக்குத் தோள் இறுகிப்போகும், கை மேல போகாது. யாருக்கு இறுகும்னு முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். கொஞ்சம் கேள்வி கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க” என்று ஒரு கையகலக் கணினியை எடுத்தாள். உள்ளதைத் தவிர வேறு சொல்லி எனக்குப் பழக்கம் ஏது?

வயது கேட்டாள். நாற்பத்தெட்டு என்றேன். இது பொய்யில்லை, உனக்கே தெரியும், எனக்கு இரண்டு வயது: வீட்டு வயது ஒன்று, பந்தாட்ட வயது ஒன்று. பதினேழு வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆறு வருடம் தொடர்ந்து கோல் காத்தவன் நான். தினமும் இரண்டு வேளை மீசையை மழித்துக் காத்தேன். அந்தச் சான்றிதழ் வயதைத்தான் எல்லா அலுவலகத்திலும் கொடுத்துவருகிறேன். சர்க்கரை உண்டா என்றாள். காப்பியில் மட்டும் என்றேன். கையை எவ்வளவு தூக்குவீர்கள் என்றாள். கோல் கம்பம் வரை என்றேன். தூக்கிக் காட்டச் சொன்னாள். அன்று குமாசியில் ஒரே குளிர், ஆகவே இடுப்புப் பட்டை வரைதான் வந்தது.

கணினியைத் தட்டிவிட்டு, “பத்துக்கு மூணு” என்றாள். பத்து விரலில் மூன்று போனால் எதை வைத்துப் புட்டியைப் பிடிப்பது? “எந்த மூணு விரல்மா?” என்று கேட்டேன். “விரல் இல்லை ஐயா. உங்களை மாதிரி பத்து பேருக்குத் தைச்சா, அதுல மூணு பேருக்கு இறுகலாம்.” “என்னை மாதிரி பத்துப் பேரா? இந்த நாட்டிலா?” என்றேன்.

நான் சும்மா இருப்பேனா? பக்கத்து அறையில் தைத்து முடித்தவர்கள் கயிற்றை இழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சரியாக ஒன்பது பேர். “எங்கே, எல்லாரும் கையைத் தூக்குங்க பார்ப்போம்” என்று பிரசங்கியார் குரலில் சொன்னேன். ஆறு கைகள் உயர்ந்தன, மூன்று உயரவில்லை. அந்த மூவரையும் கட்டிப்பிடித்து நன்றி சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடிவந்தேன். “மூணு இடமும் ஏற்கெனவே நிரம்பிடுச்சும்மா, பத்தாவது ஆள் நான், எனக்கு இறுகாது!” அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “இது பஸ் சீட்டு இல்லை ஐயா, நிரம்புறதுக்கு!”

அப்போதுதான் உன் அத்தை என் மானத்தை வாங்கினாள். “டாக்டரம்மா, நாப்பத்தெட்டு இவரோட பந்தாட்ட வயசு. மூத்த மகளுக்கே நாப்பது ஆகப்போகுது. எட்டு வயசுலயா பெத்தாரு? வீட்டு வயசு அறுபத்தொண்ணு.” நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். டாக்டரோ எண்ணை மாற்றித் தட்டிவிட்டுச் சிரித்தாள். “நல்லவேளை சொன்னீங்க. இந்த இறுகல் ஐம்பதுக்குக் கீழ உள்ளவங்களுக்குத்தான் அதிகம். இப்போ பத்துக்கு ரெண்டுதான்.” வாழ்நாளெல்லாம் குறைத்துக்கொண்டே வந்த வயது ஒரே தட்டில் எனக்கு உதவி செய்கிறது! “அப்படின்னா எண்பது போடும்மா!” என்றேன். மான்சா விடவில்லை. “இன்னொண்ணும் எழுதிக்கோங்க. பத்து வருஷமா சர்க்கரைக்கு மாத்திரை முழுங்குறாரு. முழுங்கிட்டு மறுபடியும் வறுத்த வாழைப்பழம் திங்கறாரு.” டாக்டரின் சிரிப்பு நின்றது. தட்டினாள். பத்துக்கு நான்கு.

நான்கு! நாற்பது வருடம் சோறு பொங்கிப் போட்டவள் ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரைக் கூட்டிவிட்டாள். ஆறு வாரம் கையைக் கழுத்துக்கட்டில் தொங்கவிட்டபடி இருக்க வேண்டுமாம், அதன்பின் இறுகினால் பயிற்சி செய்து தளர மாதக்கணக்கு, சிலருக்கு ஒரு வருடம் ஆகுமாம். ஆனால் முதலில் இறுகுகிறவர்களுக்குத் தையல் பெரும்பாலும் நன்றாகப் பிடிக்குமாம், அதனால் பயப்பட வேண்டாமாம். கை மேலே போகாதது நல்ல செய்தி என்று சொல்லும் வைத்தியத்தை நீ எங்கேயாவது கேட்டிருக்கிறாயா? சுன்யானிக்காரன் புட்டியை நீட்டிக்கொண்டு ஒரு வருடம் நிற்பானா?

ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன். டாக்டர் குறித்துக் கொடுத்த வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நான் போகப்போவதில்லை. கிழிந்த தோளோடேயே வந்து கம்பீரமாகப் புட்டியை வாங்குவேன். இதில் உனக்குச் சம்மதமில்லை என்றால் கதவு தட்டும் நாளை ஒரு வருடம் தள்ளிவை. ஒபோக்குவுக்கு மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லாதே.

உன் மேசைக்கும் மின்விசிறிக்கும் குறை வராமல், மூத்தோர் உன் பின்னால் நின்று காக்க, பிள்ளைகுட்டியோடு பெருக வாழ்த்தும்,

உன் மாமன்,
யாவ் அத்தாக்கோரா
(முன்னாள் கோல்காப்பாளர்)

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப்போடு. பஸ் வந்துவிட்டது. கடிதத்தை உன்னிடம் சேர்க்கும் ஓட்டுநர் இட்ரிசு உயரத்தில் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, “கொண்டாங்க மூத்தவரே, நேரமாச்சு” என்றான். கடிதத்தோடு வலக்கையை நீட்டினேன். இடுப்புக்கு மேல் வரவில்லை. பல்லைக் கடித்துப் பார்த்தேன், எக்கிப் பார்த்தேன், வரவேயில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்த பதற்றத்தில் இடக்கையாலேயே நீட்டிவிட்டேன், அஃப்ரியே. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள். “மூத்தவரே, நான் உங்களுக்கு என்ன தப்பு பண்ணேன்?” என்று இட்ரிசு அழாத குறையாகக் கேட்டான். ஒரு காகிதத்துக்கே இந்தக் கதி. இதை பஸ்ஸின் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் வைத்து எழுதுகிறேன். மான்சா வாங்கி அவனிடம் வலக்கையால் கொடுப்பாள். வியாழக்கிழமை தைத்துக்கொள்கிறேன், இறுகினால் இறுகட்டும். குறித்த நாளை மாற்றாதே. புட்டியை ஒபோக்கு வாங்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். அவனிடம் நீ சொல்லாதே, நானே சொல்கிறேன்: குமாசிக்கு என் பையைத் தூக்கிவர அவனைத்தான் கூப்பிடப்போகிறேன். எந்தக் கையால் தூக்குகிறான் என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போவேன்.