முப்பது வோல்ட்

மீட்டர் மறுபடியும் மூன்றுதான் காட்டியது.

“முப்பது வரணும்,” என்றார் பேராசிரியர்.

“மூணுதான் சார் வருது.”

“பக்கத்துல ஒரு சைபர் குறையுது. அதை எங்கே தொலைச்சே?”

ஆய்வு மாணவி மீட்டரை லேசாகத் தட்டிப் பார்த்தாள். ஆய்வகத்தில் எல்லோரும் பேராசிரியருக்கு வைத்திருந்த பெயரே முப்பது.

வேலை இதுதான். ஊசிக்குழலில் பிளாஸ்டிக் கரைசல். ஊசிமுனையில் பயங்கர வோல்டேஜ். மின்சாரம் கரைசலைக் கண்ணுக்குத் தெரியாத இழையாக இழுத்து, எதிரே சுழலும் உருளையில் சுற்றும். இழைகள் படிந்து வெள்ளைத் துணியாகும். அந்தத் துணியை விரலால் அழுத்தினால் மின்சாரம் வரும். இழைக்குள் மூலக்கூறுகள் ஒரே பக்கம் பார்த்து நின்றால் நிறைய வரும். ஆளுக்கொரு பக்கம் பார்த்தால் கொஞ்சம்தான்.

முப்பது வோல்ட் எடுத்தவர் உலகத்தில் ஒருவர்தான். பாடப்புத்தகத்தில் இருக்கிறார். மதியம் அவள் ஆய்வைச் சோதிக்க வருபவரும் அவரேதான். அவர் சம்மதிக்காவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால், அவளுக்காகக் காலியாக வைத்திருக்கும் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

“வோல்டேஜை ஏத்து.”

ஏற்றினாள். இழை பேயாட்டம் ஆடியது. நுண்ணோக்கியில் பார்த்தால், இழை நெடுக மணி மணியாகத் திரண்டிருந்தது. மீட்டர் இரண்டு காட்டியது.

“துணி பண்ணச் சொன்னா பாசிமணி கோத்து வெச்சிருக்கே.”

“நீங்கதானே சார் ஏத்தச் சொன்னீங்க.”

“சரி, பழையபடி இறக்கு. ஊசியைத் தள்ளி வை.”

தள்ளி வைத்தாள். இழை எங்கே போகிறது என்று பார்க்க, பேராசிரியர் ஊசியையும் உருளையையும் மூடியிருந்த கூண்டின் கதவைத் திறந்து முகத்தை நீட்டினார்.

“சார், முகத்தை வெளியே எடுங்க.”

இழைக்கு உருளையைவிட அவர் பக்கத்தில் இருந்தார். அவள் சுவிட்சை அணைப்பதற்குள் கண்ணாடியிலிருந்து மோவாய் வரை வெள்ளையாகப் படிந்துவிட்டது.

“என்ன பார்க்கிறே?”

“தாடி, சார்.”

“எனக்கேது தாடி?”

“இப்ப இருக்கு.”

உருளையில் விழுந்த மிச்சம் ஒன்றரை காட்டியது.

பேராசிரியர் தாடியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். “காத்துல ஈரம் ஜாஸ்தி. அதான் இழை கெடுது.”

ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தார்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைப் பக்கத்து அறையிலிருந்து உருட்டி வந்தார்கள். அறை கருவாடாகக் காய்ந்தது. உதடு வெடித்தது. ஆனால் இழை, வாரிவிட்ட தலைமுடி போல, ஒரு மணிகூட இல்லாமல் ஒரே திசையில் படிந்தது. அவள் இதுவரை செய்ததில் இதுதான் அழகு.

அழுத்தினாள். மூன்று.

“போச்சு,” என்றார் பேராசிரியர். வாசலில் கார் வந்து நின்றது. இந்த நாளுக்கென்றே வாங்கிய புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார்.

தேர்வாளர் மனைவியோடு வந்திருந்தார்.

“எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாதும்மா. இவரைத் தனியா விட்டா மாத்திரை போட மாட்டார், அதான் வந்தேன்,” என்று அந்த அம்மாள் மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

மாணவி துணியை அழுத்திக் காட்டினாள். மூன்று. தேர்வாளரின் புருவம் ஏறியது.

“தள்ளும்மா, உனக்கு விரல்ல பலம் பத்தலை.” பேராசிரியர் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு அழுத்தினார்.

முப்பத்தொன்று.

பேராசிரியர் தன் விரலையே வெறித்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். முப்பது. தேர்வாளர் எழுந்து வந்து அவர் முதுகில் தட்டிவிட்டு, பேனாவைத் திறந்தார்.

மாணவி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் துணியைத் தொடும் முன்பே முள் குதித்திருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் பட்டம் கையில்.

“சார், துணியை எடுத்துட்டு ஒரு தடவை அழுத்துங்க.”

“எதுக்கு?”

அவளே உருவி எடுத்தாள். துணிக்கு அடியில் மீட்டரோடு இணைத்திருந்த வெறும் தகட்டை அவர் அழுத்தினார். முப்பது.

“கோட்டைக் கழட்டுங்க சார்.”

கழற்றினார். படபடவென்று பொறி பறந்தது. காதோரத்து முடி நட்டுக்கொண்டு நின்றது.

“பாலியெஸ்டர்,” என்றாள் அவள். “அறை காய்ஞ்சு கிடக்கு. கோட்டு உரசி உரசி மின்சாரம் சேர்ந்திருக்கு. துணியோடது மூணுதான்.”

பேராசிரியர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். கோட்டு தரையில் விழுந்தது.

தேர்வாளர் பேனாவை மூடினார். “உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம். ஆனா மூணை நான் ஒத்துக்க முடியாது. இந்தத் துணி முப்பது கொடுக்கும். என் கையால அழுத்தி எடுத்த கணக்கு அது. உங்க இழையிலதான் கோளாறு. இன்னும் ஒரு வருஷம் செஞ்சுட்டு வாங்க.”

மாணவி தலையாட்டினாள். துணியை மடிக்கக் கை வரவில்லை.

தேர்வாளரின் மனைவி எழுந்து வந்து, கீழே கிடந்த கோட்டை எடுத்தார். பொறி தெறித்தது. வெடுக்கென்று கையை உதறிவிட்டுச் சிரித்தார்.

“என்னங்க, கல்யாணமான புதுசுல உங்களுக்கு ஒரு நைலான் சட்டை வாங்கிக் கொடுத்தேனே, அதுவும் இப்படித்தான் ஷாக் அடிக்கும். அதைப் போட்டுக்கிட்டு லேபுக்குப் போன அன்னிக்குத்தானே உங்களுக்கு அந்த முப்பது வந்துச்சு?”