உண்மையைப் போட்டு உடைத்தவர்

காலை பத்தே காலுக்கு உதவியாளர் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்.

வாய் தவறி உளறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நிஜமாகவே கீழே போட்டு உடைத்தார். அந்த அருங்காட்சியகத்தில் ‘உண்மை’ என்பது ஒரு சாண் உயர வெண்கலப் பெண். கையில் கண்ணாடி வைத்துக்கொண்டு தன் முகத்தைத் தானே பார்த்தபடி நிற்பாள். துடைக்கும்போது வழுக்கி விழுந்தாள். கண்ணாடி பிடித்த கை தனியாகப் போய் மேசைக்கடியில் கிடந்தது.

வேறு நாளாக இருந்தால் சமாளித்திருப்பார். சிலையின் அட்டையில் ‘ஒற்றைக்கண் சிற்பி செய்ததாகக் கருதப்படுகிறது’ என்று எழுதியிருந்தது. அந்தக் ‘கருதப்படுகிறது’ இருக்கட்டுமா, போகட்டுமா என்று முடிவு சொல்ல மேலிடத்து நிபுணர் பதினொரு மணிக்கு வருகிறார். உதவியாளரும் பதினொரு வருடமாகத் ‘தற்காலிகம்’தான். அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு காப்பாட்சியரின் மேசையில் கிடந்தது. நிபுணர் நல்லபடியாகப் போனதும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

“அக்கா, பசை ஏதாவது இருக்கா?”

பெருக்கிக்கொண்டிருந்த அக்கா பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள். “செருப்பு ஒட்டுறது தம்பி. ஒட்டினா ஒட்டினதுதான்.”

அதுதான் வினையாகப் போயிற்று. பதற்றத்தில் கை பின்பக்கமாகத் திரும்பி ஒட்டிக்கொண்டது. உண்மை இப்போது கண்ணாடியால் முதுகு சொறிந்துகொண்டிருந்தாள்.

“இருக்கட்டும் தம்பி. எத்தனை நாளா அரிச்சுதோ, பாவம்.”

உதவியாளர் கத்தியால் நெம்பினார். கை வந்தது, கூடவே தோளின் மேல்பூச்சும் வந்தது. நேராக ஒட்டிய பிறகு பார்த்தால் தோள் மட்டும் மஞ்சளாகப் பல்லிளித்தது. காவலாளியின் கறுப்பு ஷூ பாலிஷைக் கொஞ்சம் தடவினார். தோள் மட்டும் கறுத்தது. சரி என்று கழுத்து வரை தடவினார். அப்புறம் இடுப்பு. அதற்கப்புறம் காலை மட்டும் விட மனசு வரவில்லை. பத்து ஐம்பத்தைந்துக்கு உண்மை போலீஸ் பூட்ஸ் மாதிரி மின்னினாள்.

நிபுணர் வந்தார். பின்னாலேயே காப்பாட்சியர், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி. நிபுணர் லென்ஸை வைத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“இது யாரோட கைவரிசை?”

அவர் சிற்பியைப் பற்றித்தான் கேட்டார். உதவியாளருக்கு அது எங்கே புரிந்தது?

“என்னோடதுதான் சார். பசையும் நான்தான், பாலிஷும் நான்தான். பிள்ளைகுட்டிக்காரன் சார், வயித்துல அடிச்சிடாதீங்க.”

காப்பாட்சியர் எகிறினார். “முந்நூறு வருஷத்துச் சிலைய்யா அது. ஒத்தைக்கண் சிற்பி கையால செஞ்சது. இந்த நிமிஷமே வெளியே போ. உனக்கு உத்தரவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

உதவியாளர் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். பதினொரு வருடமும் கண்ணில் வந்து நின்றது.

பெருக்கும் அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காப்பாட்சியர் முன்னால் வந்தாள்.

“போனாப் போகுது, விடுங்க ஐயா. அசல் உண்மைதான் உங்க வீட்டு ஷோகேஸ்ல பத்திரமா இருக்கே. நேத்துக்கூட நான்தானே தூசி தட்டினேன்.”