நான் எதற்குத் தலையாட்டினேன்?

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம், தாங்கள் சகோதரி என்று அழைக்கும் என் மனைவியும் சௌக்கியம். கம்ப்யூட்டர்தான் சௌக்கியமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் போனில் கடைசியாகப் பேசியது எப்படி முடிந்தது என்பது தங்களுக்கும் நினைவிருக்கும்.

நம் பேரனுக்கு என் அப்பா பெயரை வைப்பதா, தங்கள் அப்பா பெயரை வைப்பதா என்பதில் இருவரும் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டோம். தாங்கள் டிரில் மாஸ்டராக இருந்தவர். நான் ரயில் நிலையத்தில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் சொல்லியே ஓய்வு பெற்றவன். மெதுவாகப் பேசுவது இரண்டு பக்கமும் பழக்கமில்லாத சங்கதி. போகட்டும், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் எல்லோரும் கூடும்போது பக்குவமாகப் பேசி என் அப்பா பெயரையே முடிவு செய்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் வழக்கம்போல் மூன்று கட்டம். ஒன்றில் வெளியூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் பேரனும், ஒன்றில் தாங்கள், ஒன்றில் நாங்கள். படம் பளிச்சென்று வந்தது. சத்தம் வரவில்லை.

அப்போதே கேட்கவில்லை என்று சைகை காட்டியிருக்க வேண்டும். ஆனால் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிய அன்றே, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இது? அடுத்த மாசமே படுத்துடும் பாருங்க" என்று ஜோசியம் சொன்னவர் தாங்கள். தங்களிடமே போய், படுத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதனால் தாங்கள் வாயசைத்தபோதெல்லாம் தலையாட்டினேன். அன்று ஆட ஆரம்பித்த தலை இன்று வரை நின்றபாடில்லை.

சரிசெய்யப் பார்க்காமல் இல்லை. முதலில் என் காது மேல்தான் சந்தேகப்பட்டேன். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பாம்புச் செவி சார்" என்றார். அதைக் கேட்டு உங்கள் சகோதரி மூலையில் உட்கார்ந்து முணுமுணுத்தது எனக்குத் தெளிவாகவே கேட்டது, ஆகவே டாக்டர் சொன்னது நிஜம். மாடி வீட்டுக் கணக்கு டீச்சர், "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார், தானா சரியாயிடும்" என்றார். அப்படியே செய்தேன், ஊமைக் கம்ப்யூட்டர் அணைந்து ஊமைக் கம்ப்யூட்டராகவே எழுந்து வந்தது. சரி, தூசியாக இருக்கும் என்று பின்னாலிருந்த ஒயர்களையெல்லாம் கழற்றித் துணியால் துடைத்து, எது எங்கே இருந்தது என்று தெரியாமல் தோதான ஓட்டைகளில் செருகினேன், படமும் போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. படத்தைத் திரும்ப வரவழைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பிறகு முழங்கால் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் புதிதாக வாங்கினேன். இப்போது ஒன்றின் மேல் மேசை விளக்கு இருக்கிறது, மற்றதன் மேல் உங்கள் சகோதரி மடித்த துணிகளை அடுக்குகிறாள்.

கடைசியாக ஒரு மெக்கானிக்கை அழைத்தேன். நல்ல கெட்டிக்காரர். உட்கார்ந்து எதையோ தட்டிப் பார்த்து, "அட!" என்றார். அந்த நேரம் பார்த்து உங்கள் சகோதரி, "அவருக்கு இருட்டா இருக்காம், ஓடிப் போய் ஒரு டார்ச் வாங்கிட்டு வாங்க" என்று என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். நான் டார்ச்சோடு வருவதற்குள் அவர் டீ குடித்து முடித்து வாசலுக்கு வந்துவிட்டார். "இதுக்கு பார்ட் வரணும் சார். வந்ததும் நானே வர்றேன்" என்றார். காசு கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு யோக்கியன்!

உதட்டசைவைப் பார்த்தாவது விஷயத்தைப் பிடிக்கலாம் என்றால், தங்கள் மீசை இடம் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிறு தாங்கள் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நிமிர்ந்து ஏதோ சொன்னீர்கள். வேடிக்கைக் கதை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் சம்பந்தியம்மா பின்னால் தைல பாட்டிலோடு நிற்பதைக் கவனித்தேன். மன்னிக்க வேண்டும். அதற்கும் தாங்கள் கோபப்படாமல் என்னோடு சேர்ந்து சிரித்தது தங்கள் பெருந்தன்மை. அதற்கடுத்த வாரம், வருவது வரட்டும் என்று என் அப்பாவின் பெருமைகளை நான் நிறுத்தாமல் சொன்னபோதும் தாங்கள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். போன ஞாயிறு மகள் குழந்தையைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். தாங்களும் தலையாட்டினீர்கள், நானும் ஆட்டினேன். அது பெயர் விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. தங்கள் அப்பா பெயருக்கு நான் சம்மதித்துவிட்டேனா, அல்லது தாங்கள் மனமிரங்கி என் அப்பா பெயருக்குச் சம்மதித்தீர்களா? உங்கள் சகோதரியைக் கேட்டால், "நீங்கதான பூம்பூம் மாடு மாதிரி ஆட்டுனீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறாள். எதற்குத் தலையாட்டினேன் என்று தாங்கள்தான் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெயர் கூட இரண்டாம் பட்சம். அந்தப் பயல் வாயைத் திறக்கும்போது அழுகிறானா கொஞ்சுகிறானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். தங்கள் இடுப்பு விரைவில் தேற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் சம்பந்தி

பி.கு.: அக்கா, இது நான் எழுதுவது. ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன் படித்தேன். இதை அண்ணனிடம் காட்ட வேண்டாம். அண்ணன் இவருக்கு எழுதிய கடிதமும் போன வாரம் வந்தது. ஓரத்தில் நீங்கள் குறித்திருந்தபடியே இவர் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வரிக்கு வரி இதே கதைதான், ஸ்பீக்கருக்குப் பதிலாக அண்ணன் ஹெட்போன் வாங்கியிருக்கிறார்.

பெயருக்காக இரண்டு பேரும் மறுபடி சண்டை போடாமலிருக்க, ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தை ஸ்பீக்கரே இல்லாத திரைக்குத் திருப்பிவிட நம் இருவருக்கும் பெண் போனில் சொல்லிக்கொடுத்தாளே, அதை மெக்கானிக் வந்த உடனே கண்டுபிடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "எங்க வீட்லயும் ரெண்டு தாத்தா இருக்காங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பெயர் நேற்றே பதிவாகிவிட்டது. அண்ணனுடைய அப்பா பெயரும் இல்லை, இவருடைய அப்பா பெயரும் இல்லை, பெற்றவர்கள் ஆசைப்பட்ட பெயர். "ரெண்டு தாத்தாவுக்கும் சம்மதமா?" என்று பெண் கேட்டதும் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டியதை மாப்பிள்ளை பத்திரமாகப் பதிந்து வைத்திருக்கிறார்.

ஆனால் குழந்தை அழுகிறானா கொஞ்சுகிறானா தெரியவில்லை என்று மேலே எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. வருகிற ஞாயிறு இங்கே சத்தத்தைத் திறந்துவிடப் போகிறேன். நீங்களும் அங்கே திறந்துவிடுங்கள். முதலில் இரண்டு பேரும் பேரன் குரலைக் கேட்கட்டும். அப்புறம் பெயரைக் கேட்டுவிட்டுக் கத்தினால், தலையாட்டியதைப் போட்டுக் காட்டிக்கொள்ளலாம்.