மைக்செட்டார் வரவேற்ற வசூல்காரர்கள்

திருவிடைமருதூரில் காது உள்ள எல்லோருக்கும் மைக்செட்டாரைத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, சாவு என எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது.

மைக் கையில் இல்லாவிட்டாலும் மனிதர் அறிவிப்பாகத்தான் பேசுவார். இலை முன் உட்கார்ந்து, "வீட்டம்மாவின் கனிவான கவனத்துக்கு, ரசம் இன்னும் பந்திக்கு வந்து சேரவில்லை" என்பார். "வாய மூடிக்கிட்டு மோர ஊத்திக்குங்க" என்று பதில் வரும். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அறிவிப்பு. ஆடு காணாமல் போனால் அறிவிப்பு. ஒருமுறை என் மனைவி தொலைத்த குடை எங்கெங்கே கிழிந்திருக்கும் என்பதை ஊருக்கே சொல்லிவிட்டார். நாங்கள் பேசாமல் புதுக் குடை வாங்கிக்கொண்டோம்.

அவருக்கு எதிர்வீட்டில் அருள்தாஸ். கடனில் ஒரு கார் எடுத்து மயிலாடுதுறை, திருவாரூர் என்று வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வண்டிதான் குடும்பத்துக்குச் சோறு. மனைவி மேரிக்கு ஆபரேஷன் ஆனதில் தவணை நின்றுபோனது. உடனே கடன் கம்பெனியிலிருந்து போன் மேல் போன். அவனுக்கு மட்டுமா? மாமனாருக்கு, சர்ச் ஃபாதருக்கு, மேரி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு. அருள்தாஸ் வெட்கத்தில் வெளியே தலை காட்டுவதையே விட்டுவிட்டான்.

ஒரு ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரத்தில் இரண்டு தடியர்கள் வந்து அவன் வீட்டு கேட்டை உதைத்தார்கள். "கடன வாங்கிட்டு உள்ள ஒளிஞ்சிருக்கியா? சாவியக் குடுறா." சத்தம் நின்றால் போதும் என்று அவனும் சாவியோடு வெளியே வந்துவிட்டான்.

அப்போது எதிர்வீட்டு மாடிக் குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஹலோ, ஹலோ. நமது தெருவுக்கு வருகை தந்திருக்கும் வசூல் அன்பர்களை வருக வருக என வரவேற்கிறோம். அன்பர்கள் அடையாள அட்டையையும் கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். காலை எட்டு மணிக்கு முன்னால் வரக்கூடாது என்பதையும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அருள்தாஸ் தம்பி, சாவிய பைக்குள்ள போடுங்க."

எங்கள் ஊரில் காலையில் 'வருக வருக' கேட்டால் விசேஷம் என்று அர்த்தம். தெருவே கிளம்பி வந்துவிட்டது. சில பெண்கள் பட்டுப்புடவையில் வந்தார்கள். ஒருவர் மொய்க் கவரோடு வந்து, "சொல்லவே இல்லியேப்பா, யாருக்கு என்ன விசேஷம்?" என்று தடியர்களையே விசாரித்தார்.

"யோவ், மைக்க ஆஃப் பண்ணுய்யா" என்றான் அவர்களில் சிவப்புச் சட்டைக்காரன்.

மைக்செட்டார் நீள ஒயரோடு இறங்கி வந்து அவன் வாயருகே மைக்கை நீட்டினார். "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார். பேரு, கம்பெனி பேரு சொல்லிட்டு அப்புறம் திட்டுங்க. ரெக்கார்டு ஆவுது."

அட்டையும் இல்லை, கடிதமும் இல்லை. "ஆபீஸ்ல இருக்கு" என்று முனகினான்.

"அப்ப எடுத்துக்கிட்டு எட்டு மணிக்கு மேல வாங்க. காப்பி சாப்பிட்டுப் போறீங்களா?"

சாப்பிடாமலேயே போனார்கள். திரும்பி வரவும் இல்லை.

அந்தப் பதிவோடு, கடன் கொடுத்த கம்பெனிக்கு அருள்தாஸ் எழுத்தில் புகார் கொடுத்தான். கண்ட இடத்துக்கும் போன் போவது நின்றது. கடனை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. வாங்கியதைக் கட்டத்தானே வேண்டும்? ஆனால் தவணையைக் குறைத்துக் கொடுத்தார்கள். கட்டுகிறான். கார் ஓடுகிறது.

"இந்த விதியெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மைக்செட்டாரிடம் கேட்டேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வேன் இருந்துச்சு சார். இப்புடித்தான் வந்து கத்துனாங்க. தெரு மொத்தமும் கதவ சாத்திக்கிச்சு. அவமானம் தாங்காம சாவியக் குடுத்துட்டேன். குடுத்திருக்க வேண்டாம்னு பின்னாடிதான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

இந்த மைக் சத்தம் தாங்கவில்லை, கும்பகோணத்துக்குக் குடிபோய்விடலாம் என்கிறாள் என் மனைவி. போய்ப் பார்த்தேன். நல்ல வீடு, அமைதியான தெரு. கதவைச் சாத்திக்கொண்டால் பக்கத்து வீட்டுக் குரல்கூடக் கேட்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.