நூற்றாறு டிகிரியில் ஒரு மரண சாசனம்

சாகும் தறுவாயில் மனிதனுக்குப் பெருந்தன்மை வந்துவிடும் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். நான் ஒரு தடவை அந்தத் தறுவாய் வரைக்கும் போய்வந்தவன். (போனதாக நினைத்துக்கொண்டவன் என்பாள் என் மனைவி எஸ்தர்.) எனக்கு வந்தது பொறாமை ஒன்றுதான்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் கீழ்வகுப்பு உபாத்தியாயர். கல்யாணமாகி எட்டு மாதம். எங்கள் சயன்ஸ் வாத்தியாருக்கு அந்தக் கோடையில் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது: கல்லும் காரையுமாக நெருங்கிக் கிடக்கிற டவுன், வயற்காட்டைவிட எவ்வளவு சூடு அதிகம்? கூலி வாங்காமல் அளந்து சொல்ல ஆறு பேர் வேண்டும் என்று ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டார். எஸ்தர் பக்கத்தில் நின்றதால் நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன். அடுத்த கை ஞானமுத்துவுடையது. தாலுகா கச்சேரி குமாஸ்தா, முறுக்கு மீசை, கல்யாணம் ஆகாதவன். சபையில் அவன் கணீரென்று பாடும்போது எஸ்தர் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் நிமிர்ந்து உட்காருவாள். இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவனுக்கு டவுன் கடைத்தெரு. எனக்குக் கங்கைகொண்டான் சாலையில் இரண்டு மணி நேர நடையில் ஒரு சிற்றூர். ஆளுக்கொரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் கொடுத்தார் வாத்தியார். நிழலில் தொங்கவிட வேண்டும், தொடக் கூடாது, தொங்குகிற இடத்திலேயே வாசித்து எழுத வேண்டும். இவ்வளவுதான் வேலை.

நண்பகலில் ஒரு வேப்பங்கிளையில் அதைக் கட்டிவிட்டுத் திரும்பினேன். ஊரே எனக்குப் பின்னால் நின்றது. சிலர் கையில் மண்வெட்டி, சிலர் கையில் அரிவாள். கொஞ்ச நாள் முன்புதான் பிளேக் பயத்தில், ரயிலை விட்டு இறங்கியவர்களை இதே மாதிரிக் கண்ணாடிக் குழலால் சோதித்து, காய்ச்சல் கண்டவர்களை ஊருக்கு வெளியே கொட்டகையில் அடைத்திருந்தார்கள். தங்களையும் அடைக்க வந்தவன் நான் என்று அந்த ஜனங்கள் நடுங்கினார்கள். அவர்களைப் பார்த்து நான் நடுங்கினேன். காற்றின் சூட்டை அளக்க வந்தேன், கூலிகூட இல்லை என்றேன். என் காதுக்கே அது பொய்யாகப் பட்டது.

ஊர் நாட்டாமை முன்னால் வந்தார்.

"காத்தை அளக்க எவனாவது சம்பளம் வாங்காம வருவானாவே? மொதல்ல அதை ஒம்ம அக்குள்ள வச்சுக் காட்டும்."

அரிவாளைப் பார்த்தபடியே வைத்தேன். பிறகு வெளியே எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று வெயிலுக்கு நேரே பிடித்து வாசித்தேன். நூற்றாறு! மறுபடி அக்குள், மறுபடி வெயில், மறுபடி நூற்றாறு. மூன்றாம் தடவை நூற்றேழு.

எலி செத்தால் பிளேக், அக்குளில் கட்டி கண்டால் பிளேக் என்பார்கள். மூன்று நாள் முன்னால் எங்கள் அடுக்களையில் ஓர் எலி செத்துக் கிடந்தது ஞாபகம் வந்தது. அக்குளில் கட்டி இருக்கிறதா என்று தடவினேன். தடவத் தடவ இருந்தது. "ஐயோ, எனக்குத்தான் பிளேக்" என்று நானே சொல்லிவிட்டேன். ஊர் இருபது அடி பின்வாங்கியது.

களத்து மேட்டுக் குடிசையில் என்னை இருக்கச் சொன்னார்கள். ஒரு சட்டிக் கஞ்சியை நீளக் கம்பால் உள்ளே தள்ளினார்கள். (நல்ல கஞ்சி. சாகப்போகிறவன் முழுச் சட்டியையும் குடித்தேன்.) பாளையங்கோட்டைக்கு ஆள் ஓடியது. அதன்பிறகு அந்தக் குடிசையில் நானும் என் பயமும்தான். எஸ்தரை இனிப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்து நினைத்து வாய்விட்டு அழுதேன். ஜெபம் பாதியில் மறந்துபோயிற்று. கடைசியாக, மத்தியான அளவு எழுத வேண்டிய பக்கத்தில் இப்படி எழுதினேன்:

"அன்புள்ள எஸ்தருக்கு, நான் பிளேக்கில் சாகிறேன். உனக்குச் சின்ன வயது. மறுபடி கல்யாணம் செய்துகொள். யாரை வேண்டுமானாலும் செய்துகொள். ஞானமுத்துவை மட்டும் வேண்டாம். அவன் மீசைக்கு மை தடவுகிறான்."

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. எஸ்தர் குதித்து இறங்கினாள். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று நாட்டாமை குறுக்கே கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து என் நெற்றியில் கை வைத்தாள். பிறகு கழுத்தில், பிறகு நெஞ்சில்.

"காய்ச்சலா? ஒடம்பு சில்லுன்னுல்லா கெடக்கு" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்படி அழுது நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவளுக்குப் பின்னால் ஞானமுத்து வந்தான். வண்டி பிடித்துக் கொடுத்தவனே அவன்தான். அந்த நிலைமையிலும் கடமை தவறாதவன்.

"மத்தியான அளவு எழுதினீராவே?" என்று கேட்டுக்கொண்டே நோட்டை எடுத்தான். நான் பாய்ந்தேன். கஞ்சிச் சட்டி காலை இடறிவிட்டது. அவன் சபையில் வேதபாடம் வாசித்துப் பழகியவன். எதையும் உரக்கத்தான் வாசிப்பான். "அன்புள்ள எஸ்தருக்கு" என்று தொடங்கிய குரல் களம் முழுக்கக் கேட்டது. கண்ணுக்கு முந்தி வாய் ஓடிவிட்டது. மை என்ற இடத்தில்தான் நின்றான். நாட்டாமை கிட்டே வந்து மீசையை உற்றுப் பார்த்தார்.

நான் எப்படி அளந்தேன் என்று பிறகு விசாரித்தான்.

"வெயில்ல புடிச்சா அது வெயிலைத்தான்வே காட்டும்" என்றான். அதைப் பையச் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வாத்தியார் என் ஊரைக் கணக்கிலிருந்தே அடித்துவிட்டார். நான் நீட்டுவதற்கு முன்பே தெர்மாமீட்டரையும் திரும்ப வாங்கிக்கொண்டார். ஞானமுத்து மறுவருஷம் ஏரலில் பெண் கட்டினான். பத்திரிகை வைக்க வந்தபோது, இனிமேல் நீர் தைரியமாகச் சாகலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இத்தனை வருஷமாக எனக்கு உடம்பு கொஞ்சம் சுட்டால் போதும். எஸ்தர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். அதே மாதிரி நெற்றி, கழுத்து, நெஞ்சு என்று தொட்டுப் பார்ப்பாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். அவள் சிரிக்காமல் கேட்பாள்:

"சொல்லுங்க. இந்த வாட்டி யாரைக் கட்டக் கூடாது?"