தேசிக்காயில் ஏறிய கரவன்

ஓய்வு பெற்ற மனிதனின் கையில் துளைபோடும் மெசினும் நிறைய நேரமும் சேர்ந்து கிடைத்தால், அந்த வீட்டில் எந்தச் சுவருக்கும் நிம்மதி இல்லை. ஜெர்மன் பேசும் ஊரான ஓர்லிகோனில் எங்கள் வீட்டுச் சுவர்களே இதற்குச் சாட்சி. வைத்தியசாலைச் சமையலறை வேலையில் இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றதும் முதலில் காலணிகள் அடுக்க ஒரு சப்பாத்துத் தட்டுச் செய்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இம்மியும் சரிவில்லை. (சப்பாத்துகள்தான் உள்ளே போகவில்லை. நீளம், உயரம் எல்லாம் அளந்த நான் ஆழத்தை அளக்கவில்லை.) பிறகு குளியலறைக் குழாயைத் திருத்தினேன். ஒழுகுவது நின்றது. தண்ணீர் வருவதும் நின்றது.

"இஞ்சாருங்கோ, வீட்டுக்கு வெளியிலை ஏதாவது இருந்தால் திருத்துங்கோவன்," என்றாள் என் மனைவி சுமதி.

அப்படித்தான் கரவன் வந்தது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும், கட்டிலும் அடுப்பும் உள்ள குட்டி வீடு. கூரை ஒழுகியது, கதவு பூட்டவில்லை, கைபிறேக் பிடிக்கவில்லை. எனக்குச் சொர்க்கம். பக்கத்து வீட்டில் தனியாக வாழும் திருமதி கெல்லர், தன் கராஜின் முன்னால் உள்ள சரிவான பாதையில் அதை நிறுத்தித் திருத்த இடம் தந்தார். ஒரே நிபந்தனை, பகல் பன்னிரண்டில் இருந்து ஒரு மணி வரை சத்தம் கூடாது.

சுமதிக்குக் கரவனில் ஒரு கனவு இருந்தது. கல்யாணம் கட்டிய நாள் முதல் எங்களுக்கு விடுமுறை என்றால் லண்டனில் அவளுடைய அக்கா வீடு, அல்லது பாரிசில் என் தங்கை வீடு. எங்கே போனாலும் யாரோ ஒருவரின் குசினியில் நின்று புட்டு அவித்து, யாரோ ஒருவரின் சோபாவில் படுத்து எழும்பி வருவாள்.

"ஒரு கிழமை, ஏழு நாளும், சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத இடத்திலை, அடுப்புப் பக்கமே திரும்பாமல் இருக்கவேணும்," என்றாள். "அது காணும் எனக்கு."

நொஷாட்டல் ஏரிக்கரையில் ஒரு கிழமைக்கு இடம் பதிவு செய்தேன். கூரையை அடைத்தேன், கதவைப் பூட்ட வைத்தேன், கைபிறேக்குக்குப் புதுக் கேபிள் போட்டுப் பிடிக்குச் சிவப்பு மையும் பூசினேன். வேலை முடிந்தபோது ஒரு நட்டு மிஞ்சியது. அதை ஒரு சின்னப் பையில் போட்டு, மேலே 'மேலதிகம்' என்று வடிவாக எழுதி வைத்தேன்.

சனிக்கிழமை புறப்பாடு. "தேசிக்காய் வைக்காமல் நான் ஏறமாட்டன்," என்று சுமதி சொல்லிவிட்டாள். பஞ்சாங்கப்படி நல்ல நேரம் பன்னிரண்டு மணிக்குப் பிறகு. எலுமிச்சை நசிந்தால் பெரிய சத்தம் வராது என்பதால் திருமதி கெல்லரின் சட்டத்துக்கும் பழுதில்லை. வழியனுப்ப வந்த மகள் அபிநயா கைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கினாள். சுமதி தேங்காயுடன் ஒதுங்கி நின்றாள்.

தேசிக்காய் சக்கரத்தின் முன்னால், நட்ட நடுவில் இருக்க வேண்டும். கரவன் சரிவைப் பார்த்து நின்றதால் அந்த இடத்தில் தடைக்கட்டை இருந்தது. (காரைக் கொழுவிய பிறகு கட்டையை எடுத்திருக்கலாம்தான். ஆனால் நான் ஒழுங்கானவன். முதலில் சாமி காரியம், பிறகு கார்.) கைபிறேக் இழுத்திருந்த தைரியத்தில் ஒரு பக்கக் கட்டையை எடுத்தேன், தேசிக்காயை வைத்தேன், நடுவில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பிறகு மற்றப் பக்கம் போய் அங்கேயும் அப்படியே செய்தேன்.

சுமதி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். 'பிச்' என்று கேட்டது.

"நசிஞ்சிட்டுதோ?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"ஓம், நசிஞ்சிட்டுது."

"மற்றதும்?"

"மற்றதும்தான்."

"நல்ல சகுனம். கார் சத்தம் கேக்கேல்லை, கொழுவியாச்சோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப ஆர் இழுக்கிறது?"

கண்ணைத் திறந்தபோது கரவன் அவளை மிக மரியாதையாகக் கடந்து போய்க்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய், பின்னால் நானே புதிதாகப் பூட்டிய சைக்கிள் தாங்கியைப் பிடித்தேன். தாங்கி என்னோடு நின்றுவிட்டது. கரவன் நிற்கவில்லை. பாதை கீழே இடப்பக்கம் திரும்பும். கரவன் திரும்பவில்லை. நேரே திருமதி கெல்லரின் தோட்டத்துக்குள் புகுந்து, போஞ்சிக் கொடிகளைச் சாய்த்து, சலாதுப் பாத்தியை உழுது, பிளம்ஸ் மரத்தில் 'டமார்' என்று மோதி நின்றது.

"அப்பா, இன்னொருக்கா செய்யேலுமோ? உங்கடை முகம் விழேல்லை," என்றாள் அபிநயா.

திருமதி கெல்லர் வெளியே வந்தார். மரத்தைப் பார்த்தார், கரவனைப் பார்த்தார், கடைசியாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னிரண்டு தாண்டிவிட்டது," என்றார் ஜெர்மனில்.

நான் மன்னிப்பையும் இரகசியக் குரலில்தான் கேட்டேன்.

சுமதி போஞ்சிகளுக்கு நடுவில் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நான் கரவனின் பக்கம் போனேன். குனிந்து பார்த்தேன். அச்சு வளைந்திருந்தது. இந்தக் கோடையில் அது எங்கும் போகாது.

"எங்கே போகப் புறப்பட்டீர்கள்?" என்று திருமதி கெல்லர் கேட்டார். சுமதி தனக்குத் தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள், லண்டன் சோபா, பாரிஸ் புட்டு உட்பட. திருமதி கெல்லர் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய், ஒரு சாய்கதிரையைக் கொண்டு வந்து கரவனின் வாசலில் விரித்தார்.

"இங்கே எனக்குச் சொந்தக்காரர் எவரும் வருவதில்லை," என்றார். "உங்களுடையவர்கள் வந்தால் நான் கதவு திறக்க மாட்டேன்."

சுமதி கண்ணைத் துடைத்தாள். கரவனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். நான் திருத்திய பூட்டு முதல் தடவையாக அழகாகப் பூட்டியது, எனக்கு எதிராக. அந்தக் கிழமை முழுவதும் அவள் வெளியே வந்தது சாய்கதிரைக்கும், திருமதி கெல்லரோடு கோப்பி குடிக்கவும்தான். போஞ்சிக்குப் புதிதாகத் தடி நட்டது, வீட்டில் சமைத்துத் தட்டில் ஏந்தி வேலியைச் சுற்றிக் கொண்டுபோனது எல்லாம் நான்.

லண்டன் அக்கா தொலைபேசி எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஓமக்கா, வந்து சேர்ந்திட்டம். நல்ல அமைதி," என்றாள் சுமதி, மழைநீர்ப் பீப்பாவைப் பார்த்தபடி. "தண்ணி கண்ணுக்கு முன்னாலை."

"சாப்பாடு எப்பிடி?"

"கொண்டந்து தாறாங்கள். உப்புத்தான் கொஞ்சம் கூட."

அச்சை மாற்றச் சொல்லி அதன்பின் எவரும் என்னைக் கேட்கவில்லை. கரவன் இன்னும் பிளம்ஸ் மரத்தடியில்தான் நிற்கிறது, ஒவ்வொரு கோடையும் சுமதி அங்கே ஒரு கிழமை விடுமுறைக்குப் போகிறாள். கல்யாண வீடுகளில் யாராவது, "அப்பா இப்ப பென்சன்தானே, என்ன செய்யிறார்?" என்று விசாரித்தால் அபிநயா முந்திக்கொள்வாள்.

"ஹோட்டல் நடத்திறார். ஒரே ஒரு அறை, ஒரே ஒரு ஆள். முறைப்பாடு மட்டும் மூண்டு நேரமும்."