ஆத்தா கை காட்டிய பெட்டி

ஊருக்கெல்லாம் பாதுகாப்பு சொல்கிறவன், தன் காலில் செருப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கமாட்டான்.

தொண்ணூறுகளில், மந்தைவெளியில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் எனக்கு முதல் வேலை. அங்குள்ள மின்கருவிகளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை அட்டையும் மின்கசிவு உள்ளதற்குச் சிவப்பு அட்டையும் கட்ட வேண்டும். (நான் அட்டை கட்டும் தோரணையைப் பார்த்தால், மின்சாரத்தையே நான்தான் கண்டுபிடித்தேன் என்று தோன்றும்.) கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ட்ரிப்பர் பெட்டி ஒன்றையும் சண்டை போட்டு வாங்கி மாட்டியிருந்தேன். மழை வந்தால் அதன் சுவிட்ச் விழும், கரண்ட் போகும், வேலை நிற்கும், பில்டருக்குக் கோபம் ஏறும்.

"தம்பி, ஆயுத பூஜை முடிஞ்சதும் அந்தப் பொட்டியக் கழட்டிடு" என்றார்.

ஈர கான்கிரீட்டில் நின்று, அதை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் மெஷினைப் பிடிக்கும் தொழிலாளி கன்னியப்பனை நினைத்து, முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வேலை போய்விடுமே! வீரமாகத் தலையாட்டினேன்.

பூஜையன்று எல்லாக் கருவிகளும் வரிசையாக இருந்தன. நான் சிவப்பு அட்டை கட்டி ஸ்டோரில் போட்டிருந்த வைப்ரேட்டரையும் கன்னியப்பன் விடவில்லை. "ரிப்பேர்னா இன்னா சார், அதுவும் நமக்குச் சோறு போட்டதுதானே?" சந்தனம் அப்பி, சாமந்தி மாலை போட்டார். அட்டை மாலைக்குள் மறைந்துவிட்டது.

"நம்ம கரண்ட் இன்ஜினியரே முதல் சுவிட்ச் போடட்டும்!" என்றார் பில்டர்.

கழுவிவிட்ட தரை, வெறுங்கால், புது வேட்டி. யாரோ பிளக்கைச் சொருக, கையில் கிடைத்த மெஷினைத் தூக்கிச் சுவிட்சைப் போட்டேன். தோள்வரை ஒரு வெட்டு வெட்டியது. மாலைக்குள் என் சிவப்பு அட்டை! அலறினேன். அதே நொடி 'டப்' என்று ட்ரிப்பர் விழுந்து, மைக் செட் பாட்டும் நின்றது. கரண்ட் போன பிறகும் என் உடம்பு ஆடுவது நிற்கவில்லை.

"ஆத்தா வந்துட்டாடா!" என்று கன்னியப்பனின் மனைவி செல்லம்மா கற்பூரத் தட்டோடு ஓடிவந்தார். "இன்னா வோணும் தாயி? சொல்லு!"

எது காப்பாற்றியது என்று சொல்ல நினைத்து, விரலால் ட்ரிப்பர் பெட்டியைக் காட்டினேன். மொத்தக் கூட்டமும் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டது. செல்லம்மா அதற்குக் குங்குமம் வைத்தார். உயிரோடு இருக்கிறேன் என்ற நிம்மதியில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். அதையும் அருள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பயந்துகொண்டே கேட்டேன்: "சார், பொட்டியைக் கழட்டிடவா?"

பில்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "யோவ், ஆத்தா கை காட்டின பொட்டிய்யா அது!"

கட்டடம் முடியும்வரை பெட்டி அங்கேயே இருந்தது. கன்னியப்பனும் பத்திரமாக வேலையை முடித்துக் கிளம்பினார். அந்த நிம்மதிக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் ஆத்தாவாகலாம்.

இன்றும் எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் முதல் குங்குமம் ட்ரிப்பருக்குத்தான். பொட்டு வைத்துவிட்டு என் மனைவி தட்டோடு என் பக்கம் திரும்புவாள். "ஆத்தா, இந்த வருஷம் எதைக் கை காட்டப் போறீங்க?"

காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.